ரெண்டு நாற்காலிக்கும் ஒரே ஆள்

என் தங்கை வீட்டுக்காரருக்குப் பல் செட் செய்வது தொழில். பல் டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்புகிற அச்சை வாங்கி, பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுக்கிறவர். கிளினிக்குக்குப் பின்னால் மாடிப்படிக்குக் கீழே அவருக்கு ஒரு அறை. ஒரு மோட்டார், ஒரு விளக்கு, ஒரு ஸ்டூல், அலமாரி முழுக்க ஊர்க்காரர்களின் வாய். நான் முதல் தடவை உள்ளே போனபோது அந்த அலமாரி மொத்தமும் என்னைப் பார்த்து இளித்தது.

"உக்காருங்க மச்சான், கடிக்காது" என்றார்.

அவர் வருஷத்துக்கு ஒரு தமாஷ்தான் சொல்வார். அந்த வருஷத்துக்கு அதோடு முடிந்தது.

நான் தச்சு வேலைக்காரன். அவரோடு எனக்குச் சொந்தம் உண்டாகப் போகிறது என்று ஆன புதிதில், கட்டில் செய்யச் சொல்வார் என்று அளவுகோலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டில் கேட்கவில்லை, மேசை கேட்டார். இரண்டு கதவைச் சேர்த்துப் போட்டால் எவ்வளவு அகலம் வருமோ அவ்வளவு அகலம்.

"இவ்வளவு பெருசா? சாப்பிடவா?" என்று கேட்டேன்.

"இல்ல மச்சான். சண்டைக்கு."

தங்கையைக் கொடுக்கப் போகிற இடத்தில் இப்படி ஒரு பதில் வந்தால் அண்ணன்காரனுக்கு எப்படி இருக்கும்? வெறும் வயிற்றில் காரத்தைக் கடித்த மாதிரி இருந்தது எனக்கு. அப்புறம் அவர் அங்கிருந்த ஒரு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள்ளே போர்வீரர்கள். ஒவ்வொருவனும் என் சுண்டுவிரல் நுனியில் பாதி இருப்பான். கையில் வேல் வைத்திருக்கிறவன், வில்லை இழுத்துப் பிடித்திருக்கிறவன், குதிரைமேல் குந்தியிருக்கிறவன். எல்லாம் பல் செட்டுக்கு வாங்கின பிளாஸ்டரில் மிச்சம் பிடித்து வார்த்தது. வேல்கள், கோணல் பல்லுக்குக் கட்டுகிற கம்பியை நறுக்கினது. முகத்துக்கு, ஈறுக்கு ஊற்றுகிற இளஞ்சிவப்பு. அதனால் அந்தப் படையில் யாரைப் பார்த்தாலும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் மாதிரி இருப்பான்.

பழைய காலத்துச் சண்டைகள்தான் அவருக்கு வேண்டும். வெடிமருந்து வராத காலம். வில், வேல், வாள், குதிரை, அவ்வளவுதான். "அதுக்கப்புறம் வந்ததெல்லாம் வெறும் சத்தம் மச்சான்" என்பார். நாள் முழுக்க மோட்டார் இரைச்சலில் பல்லைத் தேய்க்கிற மனிதனுக்கு அது நியாயம்தான்.

மேசையைச் செய்து, அவர் வீட்டில் ஒரு தனி அறையில் போட்டுக் கொடுத்தேன். அதன்மேல் அவர் ஒரு நாட்டையே உண்டாக்கினார். என் பட்டறையிலிருந்து மரத்தூளை அள்ளிக்கொண்டு போய்ப் பசை போட்டுத் தூவி மண்ணாக்கினார். ஒட்டுப்பலகைத் துண்டுகளை அடுக்கி மேடு. நடுவே சாம்பல் நீலத்தில் ஒரு ஆறு. தேய்ந்துபோன பிரஷ் நாரெல்லாம் தோப்பு. மேட்டுப் பக்கம் ஒரு ராஜா, பெயர் மேட்டு ராஜா. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜா, ஆத்து ராஜா. பெயர் வைப்பதில் அவர் மூளையைச் செலவழிக்கவில்லை.

மேசைக்கு இரண்டு நாற்காலிகள். ஆனால் ஆடுகிற ஆள் அவர் ஒருவர்தான்.

அதெப்படி என்று எனக்கும் ரொம்ப நாள் விளங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். மேட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தாடை மேசையில் படுகிற அளவுக்குக் குனிந்து, அந்த ராஜாவின் கண் உயரத்திலிருந்து பார்ப்பார். பகடையை உருட்டுவார். படையை நகர்த்துவார். எழுந்திருப்பார். மேசையைச் சுற்றி வருவார். வழியில் ஜன்னலோரம் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கும். அதில் ஒரு வாய் ஊற்றி, கொப்பளிக்கிற மாதிரி அடக்கி வைத்திருந்து விழுங்குவார். ஒரு ராஜாவைக் கழுவிவிட்டு இன்னொரு ராஜாவாக உட்காருவதற்கு அது. இந்தப் பக்கத்து நாற்காலிக்கு வந்ததும் ஆள் மாறிவிடுவார். மேட்டு ராஜா நிதானக்காரன், ஆத்து ராஜா அவசரக்காரன். முகத்தைப் பார்த்தே எந்த ராஜா என்று சொல்லிவிடலாம்.

"உங்களுக்குத்தான் ரெண்டு பக்கமும் தெரியுமே. ஒளிஞ்சிருக்கிற ஆளை எப்படி மறப்பீங்க?" என்று கேட்டேன்.

அதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். மேட்டு ராஜா பதுக்கி வைக்கிற ஆட்களுக்கெல்லாம் தீப்பெட்டி. சில பெட்டியில் வில்லாளிகள், சில பெட்டி காலி. எல்லாம் ஒரே கனமாக இருக்கும்படி காலிப் பெட்டிக்குள்ளும் பிளாஸ்டர் துண்டு போட்டிருப்பார். கண்ணை மூடிக்கொண்டு கலைத்து, மேட்டுக்குப் பின்னால் ஒன்று, தோப்பில் ஒன்று என்று வைப்பார். எதில் என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. ஆத்து ராஜாவின் ஆட்கள் பக்கத்தில் போனால்தான் திறப்பார். திறந்து உள்ளே வில்லாளிகள் இருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அடப்பாவி!" என்று மேட்டு ராஜாவைத் திட்டுவார். திட்டு வாங்குகிறவரும் அவர்தான்.

பகடை மேசையை விட்டுக் கீழே உருண்டால் அது செல்லாது. மேசைமேல் எப்படி விழுந்தாலும் செல்லும். யாரும் பார்க்காத அறையில், கேட்க ஆளில்லாத இடத்தில், பிடிக்காத எண் விழுந்தால் நானாயிருந்தால் இன்னொரு தரம் உருட்டியிருப்பேன். அவர் உருட்டினதே இல்லை.

"யாரு ஜெயிச்சது?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"மேட்டு ராஜா."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஆத்து ராஜா நல்லா ஆடினான் மச்சான். பாவம்."

என் தங்கை முதலில் கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு பழகிவிட்டாள். "வெளிய போய்க் குடிக்கல, சீட்டாடல, வீட்டுக்குள்ளயே தினம் ஜெயிச்சு தினம் தோக்குறாரு. எனக்கென்ன?" என்பாள். மரத்தூள் வீடு முழுக்கப் பரவுகிறது என்பது ஒன்றுதான் அவளுக்குக் குறை. அதற்கும் என்னைத்தான் திட்டுவாள், தூள் என்னுடையதாம்.

இப்படிப் பல வருஷம் அமைதியாகப் போய்க்கொண்டிருந்த மேசையில் அவர் மகளின் கல்யாணம் வந்து மாட்டிக்கொண்டது.

என் மருமகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். எதிர்க் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்க வந்த பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. பையன் தங்கம். தாயில்லாதவன், அப்பாதான் வளர்த்தார். அந்த அப்பா பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் யாருக்கும் மறுப்பில்லை. பையனின் அப்பாவுக்குத்தான் இருந்தது. எந்த வாய் போய்ச் சொன்னதோ, பெண்ணின் அப்பா அறையைச் சாத்திக்கொண்டு பொம்மைகளோடு பேசுகிறார், கொஞ்சம் அப்படி இப்படி என்று அவர் காதுக்குப் போயிருந்தது. நேரில் வந்து வீட்டைப் பார்க்காமல் சரி என்றும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன் என்றுவிட்டார்.

"அவங்க அப்பா வேண்டாம்னா என்ன பண்ணுவே?" என்று மருமகளைக் கேட்டேன்.

"அவரு அப்பாவை விட்டுட்டு வரமாட்டாரு மாமா. வந்தாலும் நான் கட்டிக்க மாட்டேன். ஒத்தப் பிள்ளையை வளர்த்த மனுஷன், அவரு வாயால சரின்னு சொல்லணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை என்று தங்கை சொன்னாள்.

பையனும் ஒரு தகவல் சொல்லி எச்சரித்திருந்தான். அவன் அப்பாவுக்குத் தோற்பது பிடிக்காது. தெருமுனை கிளப்பில் கேரம் ஆடித் தோற்றால், சில நாளைக்கு அந்தத் தெரு வழியாகவே போகமாட்டாராம்.

தங்கை திட்டம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர் வருகிறார். அதற்குள் அந்த அறையைப் பூட்டி, சாவியை நான் வைத்துக்கொள்ள வேண்டும். என் மாப்பிள்ளை, அதாவது அவள் வீட்டுக்காரர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார வேண்டும். பல்லைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசிக் கட்டளைக்குக் காரணம் உண்டு. என் மாப்பிள்ளை யாரைப் பார்த்தாலும் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு, "மேல் வரிசை கொஞ்சம் தூக்கி நிக்குது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

திட்டமெல்லாம் சரிதான். டைம்கீப்பர் என்ற ஒரு விஷயத்தை நாங்கள் யோசிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவனுடைய தாமதத்தைக் குறித்த மனிதர் நாலு மணி என்றால் நாலு மணிக்கா வருவார்? நான் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. உயரமான ஆள், நறுக்கின மீசை, பேசுவதற்கு முன் ஒரு தடவை மணிக்கட்டைப் பார்க்கிற பழக்கம்.

"சீக்கிரம் வந்துட்டேனோ?" என்றபடி உள்ளே வந்தவர், வந்த வேகத்தில் நேராக அந்த அறை வாசலில் போய் நின்றார்.

உள்ளே மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையோடு ஆத்து ராஜாவாக இருந்தார். தாடை மேசைமேல். முகம் கோபத்தில் சிவந்திருந்தது. "உனக்கு அவ்வளவு திமிரா? இரு, உன் குதிரையை இந்த ஆத்துல குளிப்பாட்டல, நான் ராஜா இல்ல!" என்று எதிர் நாற்காலியைப் பார்த்துச் சொன்னார். எதிர் நாற்காலியில் யாருமில்லை.

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் வராமல் அடித்துக்கொண்டாள்.

"யார்கூடங்க பேசிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார் டைம்கீப்பர்.

மாப்பிள்ளை நிமிர்ந்தார். தாடையில் மரத்தூள். "மேட்டு ராஜாகூட" என்றார்.

"அவரு எங்க?"

"எந்திரிச்சு அந்தப் பக்கம் போனா நான்தான் அவரு."

"அப்ப நீங்க யாரு?"

"இப்போதைக்கு ஆத்து ராஜா."

டைம்கீப்பர் மணிக்கட்டைப் பார்த்தார். "யாரு ஜெயிப்பாங்க?"

"தெரியாதுங்க. தெரிஞ்சா எதுக்கு ஆடணும்?"

இதற்குள் தங்கை இடையில் புகுந்து தேநீர், பிஸ்கட் என்று அவரை முன்னறைக்கு இழுக்கப் பார்த்தாள். மனிதர் நகரவில்லை. கண் மேசைமேலேயே இருந்தது. குதிரைப்படையை எண்ணுகிறார் என்று எனக்குப் பட்டது. ஆற்றுப் பக்கம்தான் குதிரைகள் அதிகம்.

"நான் ஒரு கை ஆடலாமா?" என்றார்.

அவர் ஆட உட்கார்ந்தார் என்றால் ஜெயித்தாக வேண்டும். அது அந்த அறையில் மாப்பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது. என் மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று அப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். தங்கை கட்டைவிரலைக் கீழே காட்டினாள், தோற்றுவிடு என்று அர்த்தம். மாப்பிள்ளை அவள் விரலைப் பார்த்துவிட்டுக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார், ஏதாவது விழுந்துவிட்டதாக்கும் என்று.

டைம்கீப்பர் ஆத்து ராஜாவானார். மாப்பிள்ளை எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து மேட்டு ராஜாவானார். ஆட்டத்தின் விதியையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, தீப்பெட்டிகளை எடுத்தார். எடுத்தவர் கொஞ்சம் தயங்கினார்.

"எதிர்ல நிஜமா ஒரு ஆள் இருக்கறப்ப, எதுல என்ன இருக்குன்னு மேட்டு ராஜாவுக்குத் தெரியலாம்ல?" என்று என்னைக் கேட்டார்.

"அதெல்லாம் தெரியணும் மாப்ளே. ராஜாவுக்கே தெரியாட்டி எப்படி?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்து மூடினார். ஒன்றை மேட்டுக்குப் பின்னால் வைத்தார். மேட்டுக்கு நேர் கீழேதான் ஆற்றைக் கடக்கிற துறை. இன்னொன்றைத் தோப்பில் வைத்தார். தோப்புப் பக்கமாகச் சுற்றிப் போனாலும் ஆற்றைக் கடக்கலாம், கொஞ்சம் தூரம் அதிகம். வைத்துவிட்டு உட்கார்ந்தாரே தவிர, நிலைகொள்ளவில்லை. வாயில் சூடான எதையோ போட்டுக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவிக்கிறவர் மாதிரி இருந்தார். ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு இன்னொரு ஆளுக்கு முன்னால் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமே இல்லையே.

டைம்கீப்பர் குதிரைப்படையைத் துறைக்கு நேராகத் திருப்பினார்.

மாப்பிள்ளை எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். ஜன்னலோரம் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். டைம்கீப்பரின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி, தாடையை மேசைமேல் வைத்துக்கொண்டு, ரொம்ப அக்கறையாகச் சொன்னார்:

"நேராப் போகாதீங்க. மேட்டுப் பெட்டியில வில்லாளிங்க இருக்காங்க, குதிரையெல்லாம் போயிரும். தோப்புப் பெட்டி காலி. அப்படிச் சுத்திப் போங்க, ஒருத்தன் இல்ல."

டைம்கீப்பர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் மெல்லச் சிரித்தார்.

"நான் எந்த வேலை பார்த்தவன் தெரியும்ல? 'டயர் பஞ்சர் சார்', 'டிராஃபிக் சார்', 'பாட்டரி போச்சு சார்'னு தினம் பொய்யாக் கேட்டவன். என்கிட்டயேவா?" என்று சொல்லிவிட்டு, குதிரைகளை நேரே துறைக்குள் விட்டார்.

மேட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். வில்லாளிகள் இருந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. பகடையும் அன்றைக்கு மேட்டுக்காரன் பக்கமே பேசியது. முழங்கால் தண்ணீரில் குதிரைகள் வரிசையாகச் சாய்ந்தன. ஆத்து ராஜா தன் கொடியை விட்டுவிட்டு ஓடினான். தோப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தால், சொன்ன மாதிரியே காலி.

டைம்கீப்பரின் மீசை துடித்தது.

"புரியுதுங்க" என்றார். "உண்மையைச் சொன்னா நம்பமாட்டான்னு கணக்குப் போட்டே உண்மையைச் சொல்லியிருக்கீங்க. வீடு தேடி வந்தவனை இதைவிட நல்லா முட்டாளாக்க முடியாது." எழுந்துவிட்டார். பேசும்போது அவருடைய கீழ்ப் பல் செட்டு 'டக்' என்று ஒரு சத்தம் போட்டது. மாப்பிள்ளையின் கண் உடனே அங்கே போனது. தங்கை அவர் காலை மிதித்தாள்.

"ஐயா, உக்காருங்க. தேநீரே இன்னும் குடிக்கல" என்றேன் நான்.

"வேண்டாங்க. அறையைச் சாத்திக்கிட்டு ஒருத்தன் ஏதோ பண்றான்னா, ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு மூளை பிசகியிருக்கணும், இல்ல கள்ளனா இருக்கணும். நான் முதலாவதா இருக்கும்னு பயந்துதான் வந்தேன். இப்ப ரெண்டாவதா இருக்கும்னு தோணுது."

என் மருமகள் கதவை விட்டு வெளியே வந்துவிட்டாள். அழவில்லை. அழாமல் இருப்பதற்காகத் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அவருக்காகப் போட்ட தேநீர். எனக்கு மூக்கு நுனிவரை கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இதில் எதையுமே கவனிக்காதவர் ஒருவர்தான். மாப்பிள்ளை ஆற்றில் கிடந்த குதிரைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். "நான்தான் சொன்னேனே... சொன்னேனே..." என்று அவற்றிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்து முடித்ததும் நிமிர்ந்து, "சரி, பக்கம் மாத்திக்குவோம். நீங்க மேட்டு ராஜா. பெட்டியை நீங்களே கலைச்சு வைங்க. நான் திரும்பிக்கிறேன்" என்று சொல்லி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார்.

டைம்கீப்பர் வாசலைப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார். தோற்றுவிட்டுப் போகிற கால் அவருக்கு இல்லை. மேட்டு ராஜாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்து பெட்டிகளைத் திறந்து பார்த்து, வில்லாளிகள் இருக்கிற பெட்டியை மறுபடியும் மேட்டுக்குப் பின்னாலேயே வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் பக்கம் ஒரு முறைப்பு வந்தது, வாயைத் திறக்காதே என்று.

மாப்பிள்ளை திரும்பி வந்து ஆத்து ராஜாவாக உட்கார்ந்தார். தாடையை மேசைமேல் வைத்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, மணி என்ன என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்:

"எதுலங்க ஆள் இருக்கு?"

டைம்கீப்பர் திகைத்துப்போனார். "என்னது?"

"மேட்டுலயா, தோப்புலயா?"

மனிதருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்திருப்பார். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, "தோப்புல. மேட்டுப் பெட்டி காலி" என்றார்.

"அப்படியா, ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை மொத்தக் குதிரைப்படையையும் துறைக்குள் விட்டார். ஒரு குதிரையைக்கூடப் பின்னால் நிறுத்தி வைக்கவில்லை.

பெட்டியைத் திறந்தார்கள்.

வில்லாளிகளைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. பெட்டியைப் பார்த்தார், டைம்கீப்பரைப் பார்த்தார், மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். சொந்த வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறவர் மாதிரி நின்றார். "காலின்னு சொன்னீங்களே..." என்றார்.

"சொன்னேன்" என்றார் டைம்கீப்பர்.

"சரியாப் பாக்காம வெச்சுட்டீங்களோ? பரவாயில்ல, முதல் தடவை எல்லாருக்கும் வர்றதுதான். வேணும்னா அந்தக் குதிரையைப் பின்னால எடுத்துக்கட்டுமா? வேண்டாம், வேண்டாம், விட்டது விட்டதுதான். பகடையை உருட்டுங்க."

டைம்கீப்பர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உருட்டாமல் இருந்தார். அவருடைய தோள் குலுங்கியது. முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. சத்தமில்லாமல் ஆரம்பித்துக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குப் போனது. கீழ் செட்டு நழுவிவிடாமல் ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பொய்யி! பொய் சொன்னேங்க!" என்றார். "நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்!"

"எதுக்கு?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"எதுக்காம்! ஜெயிக்கத்தான்!"

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். "அப்படி ஜெயிச்சா, மேட்டு ராஜா ஆடினதா ஆகாதே" என்றார். குறையாகச் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டார்.

"சரி, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. முன்னால வந்து என் காதுல ஓதினீங்களே, நிஜமாவே நான் தப்பிக்கணும்னுதான் சொன்னீங்களா?"

"பின்னே? அந்த நாற்காலிக்கு வந்துட்டா அந்த ராஜாவுக்கு நல்லதுதானே நினைக்கணும். எப்பவும் நான்தானே அங்க உக்காருவேன்."

டைம்கீப்பர் பகடையை மேசையில் வைத்தார். அதை உருட்டவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோப்பையும் கையுமாக நின்ற என் மருமகளைப் பார்த்தார்.

"அதைக் குடும்மா இப்படி. ஆறிப்போச்சா? பரவால்ல."

வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். "உங்க அப்பாவை யார்கூடவும் ஆட விடாதே. அந்த அறையைச் சாத்தியே வெச்சிரு, வெளிய இருக்கிறவன் கெட்டுப்போவான்னு இல்ல, இவரை ஏமாத்தி வித்துட்டுப் போயிருவான்."

"சரிங்க" என்றாள் அவள்.

"என்ன சரிங்க? மாமான்னு கூப்பிடு. நான் பயந்து பயந்து பார்த்த ரெண்டுல இவரு எதுவும் இல்ல."

"அப்ப அவரு யாருங்க?" என்று என் தங்கை கேட்டுவிட்டாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது.

"அது தெரியலம்மா. ஆனா என் பையன் இந்த வீட்டுக்கு வந்து போனா, நான் ராத்திரி நிம்மதியாத் தூங்குவேன். தேதியைப் பாருங்க." எழுந்து கதவுவரை போனவர் திரும்பினார். "இன்னொண்ணு. அப்போதிருந்து இந்த ஆளு என் வாயையே பார்த்துட்டு இருக்காரு. என்னான்னு கேளுங்க."

தங்கை கண்ணாலேயே தடுத்தாள். பிரயோஜனமில்லை. "கீழ் செட்டு எலும்பு தேஞ்சு லூசாயிருக்குங்க. கழட்டிக் குடுத்தா, உள்ள ஒரு பூச்சுப் பூசி இறுக்கித் தர்றேன்" என்றார் மாப்பிள்ளை, அணை திறந்த மாதிரி.

அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டார் மனிதர். எங்கள் மருமகளுக்கு மாமனாரான பிறகு அவர் சொன்ன முதல் சில வார்த்தைகள் எங்களில் யாருக்கும் விளங்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பிள்ளைகள் இரண்டும் பக்கத்துத் தெருவிலேயே குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கட்டில் நான் செய்தது. சம்பந்தி அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமையில் வருகிறார், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. பொய் சொல்வதை விட்டுவிட்டார். "சொன்னா நம்பிடுறாருங்க, நான் என்ன செய்யறது?" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். இப்போது இரண்டு பேரும் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறதென்று முதலிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். அதற்குப் பிறகும் மணிக்கணக்கில் என்னத்தை ஆடுகிறார்களோ. சம்பந்தி தோற்கிற நாளும் உண்டு. மறு ஞாயிறும் வந்துவிடுகிறார்.

மற்ற நாட்களில் மாப்பிள்ளை பழையபடி தனியாகத்தான் ஆடுகிறார். போன வாரம் மேசையின் ஒரு கால் ஆடுகிறதென்று கூப்பிட்டிருந்தார். அடியில் படுத்து ஆப்பு வைத்துக்கொண்டே கேட்டேன்.

"மாப்ளே, இப்பத்தான் துணைக்கு ஆள் கிடைச்சாச்சே. சம்பந்தி எப்படி ஆடுறாரு?"

மேலே அவர் காலடி மேசையைச் சுற்றி நடந்தது. ஜன்னலோரம் நின்றது. ஒரு வாய் தண்ணீர் உள்ளே போகிற சத்தம் கேட்டது.

"நல்லாத்தான் ஆடுறாரு மச்சான்" என்றார், எந்த ராஜாவின் குரல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. "ஆனா நானே அந்தப் பக்கம் உக்காந்து ஆடுற அளவுக்கு இல்ல."